எலெக்ட்ரிக் கிட்டாரில் நிறைவான டோன்: கம்பியில் தொடங்கி ஸ்பீக்கர் வரை ஒரு முழு வழிகாட்டி

"கிட்டார் மெலிசாகக் கேட்கிறது, என்ன பெடல் வாங்கலாம்?" என்று கேட்டு வருகிறவர்களின் ஆம்பை (கிட்டார் ஒலிபெருக்கியை)ப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும்: கெயின் (சிக்னலைத் தூக்கி ஒலியைக் கரகரக்கச் செய்வது) 9, பேஸ் (தாழ் ஒலி) 9, டிரெபிள் (மேல் ஒலி) 8, மிட் (நடு ஒலி) 2. தனியாக அறையில் வாசிக்கும்போது அது பிரம்மாண்டமாகத் தோன்றும். டிரம்ஸும் பேஸ் கிட்டாரும் சேர்ந்த நிமிடத்தில் கிட்டார் காணாமல் போய்விடும். அடுத்து ஒலியை இன்னும் கரகரக்க வைக்கும் ஒரு டிஸ்டார்ஷன் பெடல் வாங்குவார்கள். டோன் (ஒலியின் தன்மை) இன்னும் மெலியும்.

கையில் இருக்கிற கிட்டாரையும் ஆம்பையும் வைத்தே டோனை நிறைவாக்குவது எப்படி என்பதைத்தான் இங்கே சொல்கிறேன். இதில் வரிசை முக்கியம். ஒலி கம்பியில் பிறந்து பிக்கப் (கம்பியின் அசைவை மின் சிக்னலாக்கும் காந்தச் சுருள்), கேபிள், ஆம்ப், ஸ்பீக்கர் என்று போகிறது. முன்னால் தொலைந்ததைப் பின்னால் வருகிற எதுவும் மீட்டுத் தராது. கம்பியைச் சரிசெய்யாமல் ஆம்பைத் திருகிக்கொண்டிருப்பவர்கள் கடைசியில் மறுபடி கம்பிக்குத்தான் வந்து சேர்கிறார்கள்.

1. நிறைவு எந்த இடத்தில் இருக்கிறது

ஸ்டாண்டர்டு ட்யூனிங்கில் 6ஆவது கம்பி (தடித்தது) 82.4 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. 1ஆவது கம்பி (மெல்லியது) 329.6, அதன் 12ஆவது ஃப்ரெட் (நெக் எனும் கிட்டார் கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கட்டை) 659. ஆக, நீங்கள் வாசிக்கிற ஸ்வரங்களின் வேர்கள் (அடிப்படை அதிர்வெண்கள்) ஏறத்தாழ எல்லாமே 80க்கும் 1,000க்கும் இடையில்தான் இருக்கின்றன. உடம்பு என்று நாம் உணர்வது இதன் நடுப்பகுதி, அதாவது 200 முதல் 800 வரை. ஆம்பில் இதை ஆள்வது பெரும்பாலும் மிட்.

80 ஹெர்ட்ஸுக்குக் கீழே கிட்டாரில் இசை இல்லை. உறுமலும் கை படும் சத்தமும்தான். பேஸ் கிட்டாரின் கடைசிக் கம்பி 41.2இல் தொடங்குகிறது, கிக் டிரம்மும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது. கிட்டார் அந்த இடத்துக்குப் போட்டி போட்டால் மூன்றும் சேர்ந்து மங்கும்.

2. கையில் இருக்க வேண்டியவை

ட்யூனர், புதிய ஸ்ட்ரிங் செட், அரை மில்லிமீட்டர் கோடு போட்ட ஸ்டீல் ஸ்கேல், சின்ன ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், கிட்டாரோடு வந்த ஆலன் கீ, ஒரு கேப்போ (கம்பிகளை ஒரு ஃப்ரெட்டில் அழுத்திப் பிடிக்கும் கிளிப்), ஒரு ஃபீலர் கேஜ். ஃபீலர் கேஜை இசைக்கருவிக் கடையில் தேட வேண்டாம். பைக் இன்ஜினில் டேப்பட் இடைவெளி பார்க்க மெக்கானிக்குகள் வைத்திருப்பது அதுதான். ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கிடைக்கும்.

எதையும் தொடுவதற்கு முன் இப்போதைய டோனைப் பதிவு செய்துகொள்ளுங்கள். போனை ஆம்பிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி, ஸ்பீக்கர் உயரத்தில் வைத்து, ஒரு ஓப்பன் E கார்டு (கார்டு என்பது பல நோட்டுகள் சேர்ந்து ஒலிப்பது), 5ஆவது கம்பியில் ஒரு பவர் கார்டு (மூல நோட்டும் அதன் பஞ்சமமும் மட்டும்), 1ஆவது கம்பி 12ஆவது ஃப்ரெட்டில் நீண்டு நிற்கும் ஒற்றை நோட் மூன்றையும் வாசியுங்கள். ஒவ்வொரு படி முடிந்ததும் அதையே அதே இடத்திலிருந்து பதியுங்கள். காது சில நிமிடங்களில் புது ஒலிக்குப் பழகிவிடும். அதன் பிறகு எது முன்னேற்றம், எது வெறும் மாற்றம் என்று நினைவை வைத்துச் சொல்ல முடியாது.

3. கம்பி

பழைய கம்பியில் எண்ணெயும் அழுக்கும் துருவும் சேர்ந்து மேல் ஒலிகளைத் தின்றுவிடும். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் ஈரக்காற்றால் இது சீக்கிரமே நடக்கும். டோன் மந்தமாகிறது என்று டிரெபிளைக் கூட்டுவார்கள். கிடைப்பது கீச்சென்ற சத்தம். முதல் வேலை, கம்பியை மாற்றுவது. வாசித்து முடித்ததும் கம்பியின் மேலும் கீழும் காய்ந்த துணியால் துடைக்கும் பழக்கம் அதன் ஆயுளை நன்றாகவே நீட்டும்.

அளவு அடுத்தது. புதுக் கிட்டார்கள் பல 9–42 செட்டோடு வருகின்றன (மெல்லிய, தடித்த கம்பிகளின் தடிமன், அங்குலத்தின் ஆயிரத்தில் பங்குகளில்). 10–46க்கு மாறினால் மொத்த இழுவிசை கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு கூடும். கம்பி கனமானால் பிக்கப்பின் காந்தப்புலத்தில் அசையும் உலோகம் அதிகம், சிக்னலும் அதிகம். அழுத்தி அடித்தாலும் சுருதி விலகாமல் நிற்கும். புதியவர்களுக்கு இந்த ஒரு மாற்றமே நன்றாகக் கேட்கும்.

அதற்காக 12, 13 என்று ஏறிப்போக வேண்டியதில்லை. அமெரிக்க ப்ளூஸ் கிட்டாரிஸ்ட் ஸ்டீவி ரே வான் 13இல் தொடங்கும் கம்பிகளை அரை ஸ்வரம் இறக்கி வாசித்தவர் என்பதைக் கேட்டுவிட்டு விரலைப் புண்ணாக்கிக்கொள்கிறவர்கள் உண்டு. மறுபக்கம் இஸட்இஸட் டாப் குழுவின் பில்லி கிப்பன்ஸ் 7இல் தொடங்கும் மிக மெல்லிய கம்பிகளில் வாசிப்பவர். அவர் டோனை யாரும் மெலிசு என்று சொன்னதில்லை. உங்கள் விரலால் தயங்காமல் பெண்ட் செய்ய (கம்பியை வளைத்துச் சுருதி ஏற்ற) முடிகிற அளவுகளில் கனமானதை எடுங்கள். கம்பியோடு மல்லுக்கட்டும் கை நல்ல ஒலி தராது.

ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகை டிரெமோலோ பிரிட்ஜ் (கம்பிகள் உடலில் பொருந்தும், ஸ்பிரிங்கில் அசையும் பாகம்) உள்ள கிட்டாரில் கனமான கம்பி போட்டால் பிரிட்ஜ் மேலெழும்பும். பின்பக்கத் தகட்டைத் திறந்து, ஸ்பிரிங்குகளைப் பிடித்திருக்கும் இரண்டு ஸ்க்ரூக்களையும் சம அளவில் இறுக்கி, மறுபடி ட்யூன் செய்து, பிரிட்ஜ் பழைய நிலைக்கு வரும்வரை இதைத் திருப்பித் திருப்பிச் செய்ய வேண்டும்.

4. நெக், ஆக்‌ஷன், இன்டொனேஷன்: இதே வரிசையில்

இந்த வரிசையை மாற்றினால் வேலை இரட்டிப்பாகும். நெக்கின் வளைவு மாறினால் ஃப்ரெட்டுக்கு மேல் கம்பியின் உயரம் (ஆக்‌ஷன்) மாறும், உயரம் மாறினால் இன்டொனேஷன் (எல்லா ஃப்ரெட்டிலும் சுருதி சரியாக நிற்பது) மாறும்.

நெக்: 1ஆவது ஃப்ரெட்டில் கேப்போ போட்டு, 6ஆவது கம்பியைக் கடைசி ஃப்ரெட்டில் அழுத்துங்கள். 8ஆவது ஃப்ரெட்டின் மேல் விளிம்புக்கும் கம்பிக்கும் இடையே 0.25 மி.மீ. ஃபீலர் கேஜ் மெல்ல உரசிப் போக வேண்டும். இடைவெளி அதிகமென்றால் ட்ரஸ் ராடை (நெக்கின் உள்ளே இருக்கும் உலோகத் தண்டை)க் கடிகாரச் சுற்றில் கால் சுற்று, குறைவென்றால் எதிர்த்திசையில் கால் சுற்று. ஒவ்வொரு கால் சுற்றுக்குப் பிறகும் ட்யூன் செய்து அளக்க வேண்டும். ஆலன் கீ இறுக்கமாகப் பொருந்தவில்லை என்றாலோ, திருப்பப் பலம் தேவைப்பட்டாலோ நிறுத்திவிட்டு லூத்தியரிடம் (கிட்டார் செய்பவர், பழுதுபார்ப்பவர்) கொண்டுபோங்கள். வேண்டாத பலம் ராடை உடைத்துவிடும்.

ஆக்‌ஷன்: வேகமாக வாசிக்கலாம் என்று பலர் கம்பியைத் தரையோடு தரையாக இறக்கிவிடுகிறார்கள். மெலிந்த டோனுக்கு நான் அதிகம் பார்க்கும் காரணங்களில் இது ஒன்று. கம்பி அசையும்போது ஃப்ரெட்டுகளைத் தட்டினால் அந்த ஆற்றல் அங்கேயே செத்துவிடும். நோட் நீளாது, அடியும் வராது. ஆம்பில் போட்டால் சலசலப்பு கேட்காமல் போகலாம், அதனால்தான் ஏமாறுகிறார்கள். ஆம்பை அணைத்துவிட்டு, உங்கள் வழக்கமான பலத்தில் வாசித்துக் கேளுங்கள். ஃபெண்டர் வகைக் கிட்டாருக்கு 17ஆவது ஃப்ரெட்டில் 1.6 மி.மீ. நல்ல தொடக்கம். கிப்ஸன் வகைக்கு 12ஆவது ஃப்ரெட்டில் 6ஆவது கம்பி 2 மி.மீ., 1ஆவது கம்பி 1.2 மி.மீ. பலமாக அடிக்கும் கையென்றால் சற்று மேலே வையுங்கள்.

இன்டொனேஷன்: 12ஆவது ஃப்ரெட் ஹார்மோனிக்கையும் (கம்பியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு எழுப்பும் மணி போன்ற ஒலி) அதே ஃப்ரெட்டை அழுத்தி வாசிக்கும் நோட்டையும் ட்யூனரில் ஒப்பிடுங்கள். அழுத்தியது ஷார்ப் (சுருதி ஏறியது) என்றால் சேடிலை (பிரிட்ஜில் கம்பியைத் தாங்கும் துண்டை)ப் பின்னால் தள்ளி நீளத்தைக் கூட்டுங்கள்; ஃபிளாட் (சுருதி இறங்கியது) என்றால் முன்னால் கொண்டுவாருங்கள். கார்டின் ஆறு கம்பிகளும் ஒன்றுக்கொன்று சுருதி சேர்ந்தால்தான் ஒலி ஒரே திரளாக எழும். சேராத கார்டு எத்தனை வாட் ஆம்பில் போட்டாலும் சிதறித்தான் கேட்கும். கெயின் ஏற ஏற இந்தக் குறை பெரிதாகும்.

5. வலது கை

பிக்கப் உயரத்துக்கு முன்னால் இதை வைத்ததற்குக் காரணம் உண்டு. பிக்கப் எவ்வளவு நெருங்கலாம் என்பது நீங்கள் எவ்வளவு பலமாக அடிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கை நிலைக்காமல் அளந்தால் அந்த அளவுக்கு மதிப்பில்லை.

பிரிட்ஜுக்கு அருகே அடித்தால் மேல் ஒலிகள் தூக்கலாகி நோட் ஒல்லியாகும். நெக்கை நோக்கி நகர நகர வேர் ஒலி பலப்படும். கையை இரண்டு அங்குலம் நகர்த்திப் பாருங்கள். ஆம்பின் பேஸ் நாபைத் திருப்பினால் கிடைப்பதைவிட நல்ல மாற்றம் கேட்கும், செலவும் இல்லை.

பிளெக்ட்ரம் (கம்பியை மீட்டும் வில்லை) 0.5 மி.மீ. போல மெலிசாக இருந்தால் கம்பியைத் தள்ளுவதற்கு முன் அதுவே வளைந்துவிடும். கேட்பது பிளாஸ்டிக்கின் டிக்-டிக். 0.9 முதல் 1.2 வரை முயலுங்கள். பிடியில் நுனி அதிகம் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. கம்பியை மேலிருந்து கொத்தாமல், உடலின் மரத்தை நோக்கிச் சற்று உள்வாக்கில் தள்ளி விடுங்கள்.

இடது கைக்கும் பங்கு உண்டு. ஃப்ரெட்டுக்கு ஒட்டினாற்போல அழுத்தினால் நோட் முழுதாக நிற்கும். வாசிக்காத கம்பிகளை இரு கைகளாலும் அடக்க வேண்டும். அவை எழுப்பும் முனகல்தான் கெயினில் சேறாக மாறுகிறது.

6. பிக்கப் உயரம்

இந்தப் படிக்கு ஒரு முழு மாலையை ஒதுக்குங்கள். ஒரு ஸ்க்ரூடிரைவர் தருகிற மாற்றத்தில் இதைவிடப் பெரியது கிட்டாரில் கிடையாது. ஆனால் வாங்கிய நாளிலிருந்து இதைத் தொடாதவர்கள்தான் அதிகம்.

பிக்கப் கம்பிக்கு நெருங்கினால் சிக்னல் கூடும். அதனால் நெருக்கமே நிறைவு என்று நினைத்து முடிந்தவரை ஏற்றிவிடுகிறார்கள். சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்) பிக்கப்புகளில், குறிப்பாக ஸ்ட்ராட்டின் பலமான காந்தத் துருவங்களில், இது நேர்மாறான பலனைத் தரும். காந்தம் கம்பியைப் பிடித்து இழுக்கும். அதிர்வு சீக்கிரம் அடங்கும். 6ஆவது கம்பியை 12ஆவது ஃப்ரெட்டுக்கு மேலே வாசித்தால் ஒரே நோட் இரண்டு சுருதியில் அலைவது போலக் கேட்கும். இன்டொனேஷன் கெட்டுவிட்டது என்று சேடிலைத் திருகுவார்கள். குற்றம் காந்தத்தினுடையது.

அளக்கும் முறை: கம்பியைக் கடைசி ஃப்ரெட்டில் அழுத்தி, அதன் அடிப்பக்கத்திலிருந்து பிக்கப்பின் துருவம் வரை அளக்க வேண்டும். ஸ்ட்ராட் வகை சிங்கிள் காயிலுக்கு 6ஆவது கம்பிப் பக்கம் 2.4 மி.மீ., 1ஆவது கம்பிப் பக்கம் 2 மி.மீ. என்று தொடங்குங்கள். ஹம்பக்கருக்கு (இரட்டைச் சுருள் பிக்கப்) பிரிட்ஜ் பிக்கப் 1.6, நெக் பிக்கப் 2.4 மி.மீ.

இவை தொடக்கம் மட்டுமே. இனி காதால் செய்ய வேண்டும். ஆம்பை கிளீன் (கரகரப்பில்லாத) சேனலில் வைத்து, நெக் பிக்கப்பை முதலில் சரிசெய்யுங்கள். அங்கேதான் கம்பி அதிகம் அசைகிறது, எனவே கட்டுப்படுத்துவதும் அதுவே. ஒரு கார்டைப் பலமாக அடித்து, தடித்த கம்பிகள் மெல்லிய கம்பிகளை விழுங்குகின்றனவா என்று கேளுங்கள். விழுங்கினால் 6ஆவது கம்பிப் பக்க ஸ்க்ரூவை அரைச் சுற்று இறக்குங்கள். மறுபடி அடியுங்கள். ஆறு கம்பிகளும் தனித்தனியாகத் தெரிந்து, ஒன்றாகவும் கேட்கும் ஒரு இடம் வரும். அங்கே நிறுத்துங்கள்.

அதன் பிறகு பிரிட்ஜ் பிக்கப்பை அந்த அளவுச் சத்தத்துக்கு ஈடாகும் வரை ஏற்றுங்கள். பிரிட்ஜ் பக்கம் கம்பியின் அசைவு குறைவு, ஆகவே அது நெக் பிக்கப்பைவிட நெருக்கமாக இருப்பதுதான் இயல்பு. பலருக்கு பிரிட்ஜ் பிக்கப் ஒல்லியாகக் கேட்பதற்குக் காரணம் அதன் தரம் இல்லை. நெக் பிக்கப் தேவைக்கு மேல் உயரமாக இருக்கிறது, அதோடு ஒப்பிட்டு இது மெலிகிறது. நெக்கை இறக்கினாலே பாதிப் பிரச்சினை தீரும்.

7. கிட்டாரின் நாபுகள்

வால்யூம், டோன் இரண்டையும் 10இல் வைத்துவிட்டு மறந்துவிடுவதுதான் வழக்கம். டோனை 7க்கு இறக்கிக் கேளுங்கள். பிரிட்ஜ் பிக்கப்பின் கூர்மை மழுங்கி, மிட் முன்னால் வரும். பழைய வயரிங் முறையில் அமைந்த ஸ்ட்ராட்டில் பிரிட்ஜ் பிக்கப்புக்கு டோன் நாபே கிடையாது. கடைசி டோன் நாபை அதற்கு இணைக்க ஸ்விட்சில் ஒரு சின்ன வயர் போதும். சால்டரிங் தெரிந்த யாரும் செய்து தருவார்கள். பிரிட்ஜ் பிக்கப்பை வெறுத்து ஒதுக்கியவர்கள் இதற்குப் பிறகு அதற்குத் திரும்புவதைப் பார்த்திருக்கிறேன்.

சிங்கிள் காயிலுக்கு 250 கிலோஓம் பாட் (நாபுக்கு அடியில் இருக்கும் மாறு தடை), ஹம்பக்கருக்கு 500 கிலோஓம் என்பது வழக்கம். மதிப்பு கூடினால் டிரெபிள் கூடும். சில விலை குறைந்த கிட்டார்களில் சிங்கிள் காயிலோடு 500 பாட்டைப் போட்டிருப்பார்கள். அந்தக் கீச்சொலிக்கு இதுவே காரணமாக இருக்கலாம். பாட்டின் அடியிலேயே மதிப்பு அச்சிட்டிருக்கும். மாற்றுப் பாட் வாங்கும்போது தண்டின் தடிமனையும் துளையின் அளவையும் பழையதோடு ஒப்பிட்டு எடுங்கள். சென்னையில் என்றால் எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் பழைய பாட்டைக் கையிலேயே கொண்டுபோங்கள்.

ஸ்ட்ராட்டின் 2ஆவது, 4ஆவது ஸ்விட்ச் நிலைகளில் இரண்டு பிக்கப்புகள் சேரும்போது மிட்டின் ஒரு பகுதி ஒன்றையொன்று ரத்து செய்துகொள்கிறது. அழகான ஒலிதான். நிறைவு தேடும்போது அங்கே போகாதீர்கள்.

8. கேபிளும் இன்புட்டும்

கேபிளின் கெபாசிட்டன்ஸ் (மின்தேக்கத் தன்மை) மேல் ஒலிகளைக் குறைக்கும். மீட்டருக்குச் சுமார் 100 பிக்கோஃபாரட் என்று வைத்துக்கொள்ளலாம். 6 மீட்டருக்குள் நல்ல கேபிள் ஒன்று போதும். இதற்கு மேல் பணம் கொட்ட வேண்டாம்.

இன்புட்டில் நடக்கும் தவறு பெரியது. பாஸிவ் (பேட்டரி இல்லாத) பிக்கப்புக்கு ஏறத்தாழ 1 மெகாஓம் இன்புட் வேண்டும். ஹோம் தியேட்டரின் லைன் இன்புட்டிலோ மிக்ஸரின் லைன் சேனலிலோ நேராகச் செருகினால், அதன் தடை சில பத்து கிலோஓம் மட்டுமே என்பதால் பிக்கப்பின் உயிரே அங்கே வடிந்துவிடும். ஆடியோ இன்டர்ஃபேஸ் (கிட்டாரைக் கணினியோடு இணைக்கும் பெட்டி) என்றால் இன்ஸ்ட்ருமென்ட் அல்லது ஹை-இஸட் என்ற ஸ்விட்சைப் போட்டாக வேண்டும். மிக்ஸர் என்றால் நடுவில் ஒரு டி.ஐ. பாக்ஸ் (கிட்டார் சிக்னலை மிக்ஸருக்கு ஏற்ப மாற்றும் பெட்டி).

லைட் மியூசிக் மேடைகளில் கிட்டாரை மல்டி-எஃபெக்ட்ஸ் வழியாக மிக்ஸருக்குக் கொடுப்பது சகஜம். அங்கே கேபினெட் சிமுலேஷனைப் போடாமல் விட்டால் டிஸ்டார்ஷன் கொசு ரீங்காரம் போல வரும். கிட்டார் ஸ்பீக்கர்கள் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேலே வேகமாக இறங்கிவிடும், பி.ஏ. ஸ்பீக்கர் (மேடை ஒலிபெருக்கி) அப்படி இறங்காது. அந்த இறக்கத்தைத்தான் சிமுலேஷன் செய்துதருகிறது. அதே பெட்டியை வீட்டு ஆம்பின் முன்னால் போடும்போது சிமுலேஷனை அணைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு ஸ்பீக்கர்கள் அடுத்தடுத்து வடிகட்டி, போர்வைக்குள் வாசிப்பது போல ஆகும்.

சிங்கிள் காயிலில் 50 ஹெர்ட்ஸ் உறுமல் வருமானால் முதலில் பிளக்கில் எர்த் சரியாக இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனை விட்டுப் பாருங்கள். எர்த் பின் இல்லாத எக்ஸ்டென்ஷன் போர்டு டோனுக்கும் கெடுதல், உயிருக்கும் ஆபத்து. நாய்ஸ் கேட்டை (சிக்னல் தாழும்போது ஒலியை அடைக்கும் கருவியை)க் கூட்டி இதை மறைக்கப் போனால் நோட்டின் வால் வெட்டுப்படும்.

9. ஆம்ப்: கெயினைக் குறைத்து, மிட்டை ஏற்றி

இதுவரை சொன்னவை முடிந்த பிறகுதான் ஆம்புக்கு வர வேண்டும்.

எல்லா நாபையும் 5இல் வைத்தால் சமநிலை என்று நினைப்பது இயல்பு. ஃபெண்டர் வகை ஆம்புகளில் அது உண்மையில்லை. அவற்றின் டோன் சர்க்யூட் நடுநிலையில் இருக்கும்போதே 400–500 ஹெர்ட்ஸ் அருகே பள்ளம் விழுந்திருக்கும். பேஸையும் டிரெபிளையும் நன்றாக இறக்கி மிட்டை உச்சிக்கு ஏற்றினால்தான் கோடு ஓரளவு சமமாகும். மிட் நாபே இல்லாத ஆம்பில் பேஸ், டிரெபிள் இரண்டையும் இறக்கி வால்யூமை ஏற்றுங்கள். விளைவு அதே திசையில்தான்.

தொடக்கமாக மிட் 7, பேஸ் 4, டிரெபிள் 5 வையுங்கள். தனியாகக் கேட்கும்போது சற்று மூக்கொலி போலத் தோன்றலாம். பொறுங்கள். அடியில் ஒரு பாட்டை ஓடவிட்டு, அதோடு வாசித்து முடிவு செய்யுங்கள். தனியாக அழகாகத் தெரிகிற டோனும் கூட்டத்தில் நிற்கிற டோனும் ஒன்றாக இருப்பது அபூர்வம்.

கெயின்: பூஜ்யத்திலிருந்து மெல்ல ஏற்றுங்கள். பவர் கார்டு கரகரக்கத் தொடங்கி, நீங்கள் விரும்பும் அளவுக்கு வந்ததும் அங்கிருந்து ஒரு கால் பங்கு குறைத்துவிடுங்கள். கெயின் கூடும்போது சிக்னல் நசுங்கும். மெதுவான அடியும் பலமான அடியும் ஒரே உயரத்துக்கு வந்துவிடும். கனம் என்று காதுக்குத் தோன்றுவது அந்த முதல் அடியின் வேகம்தான், அதை இழந்தால் தட்டையான சீறல்தான் மிச்சம். தவிர, டிஸ்டார்ஷனில் ஒவ்வொரு ஜோடி நோட்டும் கூட்டியும் கழித்தும் புது ஒலிகளை உண்டாக்கும். மூன்று நான்கு நோட் உள்ள கார்டில் அவை குவிந்து சேறாகும். ஏசி/டிசி ராக் குழுவின் மால்கம் யங் கனமான கம்பிகளையும் அவ்வளவாக உடையாத (கரகரக்காத) ஆம்பையும் வைத்துத்தான் அந்தச் சுவர் போன்ற ரிதத்தை எழுப்பினார். அந்தப் பாடல்களில் கேட்பது கெயின் என்று நினைப்பவர்கள் ஒருமுறை ஹெட்போனில் ரிதம் கிட்டாரை மட்டும் பின்தொடர்ந்து கேளுங்கள்.

பேஸ் விஷயத்தில் ஒரு விதி: டிஸ்டார்ஷனுக்கு முன்னால் பேஸைக் குறை, பின்னால் சேர். கெயினுக்குள் போகிற பேஸ் குழையும். கெயினைத் தாண்டிய பிறகு சேர்க்கிற பேஸ் உடம்பாகும். ஈக்யூ பெடல் (அதிர்வெண் வாரியாகக் கூட்டிக் குறைப்பது) இருந்தால் ஆம்பின் எஃபெக்ட்ஸ் லூப்பில் (கெயினுக்குப் பின்னால் பெடலை இணைக்கும் இடம்) வைத்து 200–400 பகுதியைக் கொஞ்சம் தூக்குங்கள்.

இறுதியாக, எந்தச் சத்தத்தில் வாசிக்கப்போகிறீர்களோ அந்தச் சத்தத்தில்தான் டோனை அமைக்க வேண்டும். சத்தம் குறையும்போது காதுக்குத் தாழ் ஒலிகள் மற்றவற்றைவிட அதிகமாக மங்கும் என்பதை 1933இல் பெல் ஆய்வகத்தின் ஃபிளெட்சரும் மன்சனும் அளந்து காட்டினார்கள். இரவில் மெதுவாக வைத்து ஏற்றிய பேஸ், மேடையில் குழப்பமாக எழுவதற்கு அதுதான் காரணம்.

வால்வ் ஆம்பின் உள்ளே, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சில நூறு வோல்ட் தேங்கியிருக்கலாம். திறக்காதீர்கள். ஸ்பீக்கரை இணைக்காமல் ஓட்டவும் கூடாது.

10. ஸ்பீக்கரும் அறையும்

ஆம்ப் கால்மாட்டில் கிடக்கிறது, காது ஐந்தடி உயரத்தில் இருக்கிறது. ஸ்பீக்கரின் மேல் ஒலிகள் டார்ச் வெளிச்சம் போல நேர்கோட்டில் பாய்கின்றன. நின்று வாசிப்பவருக்கு மந்தமாகவும் எதிரே உட்கார்ந்திருப்பவருக்குக் காதைக் குத்துவதாகவும் கேட்கும். ஆம்பைப் பின்னால் சாய்த்தோ நாற்காலியில் ஏற்றியோ காதை நோக்கித் திருப்பிய பிறகே டிரெபிளைத் தொடுங்கள். போனில் பதிந்ததும் காதில் கேட்டதும் ஏன் வேறுபடுகின்றன என்பதற்கும் இதுவே விடை.

சுவரை ஒட்டி வைத்தால் பேஸ் கூடும். மூலையில் இன்னும் கூடும். 6 அல்லது 8 அங்குல ஸ்பீக்கர் உள்ள சின்ன ஆம்புக்கு இது இலவச உதவி. 12 அங்குல ஆம்பை மூலையில் தள்ளினால் தெளிவு போய்விடும். ஓரடி முன்னால் இழுங்கள்.

நம் வீடுகளின் டைல்ஸ் தரையும் கான்கிரீட் கூரையும் மேல் ஒலிகளை அப்படியே திருப்பியடிக்கும். எதிர்ச் சுவரில் ஒரு மெத்தையைச் சாய்த்து வைத்துப் பாருங்கள். ஆம்பைக் குறை சொன்ன பலர் அறையைத்தான் குறை சொல்லியிருக்க வேண்டும்.

சின்ன ஆம்பில் வெளி ஸ்பீக்கருக்கு அவுட்புட் இருந்தால், 12 அங்குல கேபினெட் ஒன்றை இணைப்பது அடுத்த பெரிய பாய்ச்சல். கேபினெட்டின் ஓம் மதிப்பு ஆம்பின் பின்னால் எழுதியிருப்பதற்கு ஒத்துப்போக வேண்டும். அதற்குக் கீழே போகக் கூடாது.

11. பெடல், இப்போதுதான்

ஒரே ஒரு பெடல் என்றால் ஐபனேஸ் டியூப் ஸ்கிரீமர் வகை ஓவர்டிரைவ். 720 ஹெர்ட்ஸ் பக்கம் மேடு எழுப்பி, கீழ்ப்பகுதியைச் சற்று வெட்டுவது அதன் இயல்பு. மேலே சொன்ன ஆம்பின் பள்ளத்துக்கு நேர் மருந்து. டிரைவ் கிட்டத்தட்டப் பூஜ்யம், லெவல் உயரே, ஏற்கெனவே லேசாக உடையும் ஆம்புக்கு முன்னால். டிரைவை முழுதாகத் திறந்து கிளீன் ஆம்பில் போட்டுவிட்டு மெலிசு என்று குறைப்படுபவர்கள் இந்த முறையையும் முயன்றுவிட்டுப் பேசட்டும்.

டிலே 80 முதல் 120 மில்லிசெகண்ட், ஒரே ஒரு எதிரொலி, அளவு மிகக் குறைவு. அது இருப்பது தெரியக் கூடாது, அணைத்தால்தான் தெரிய வேண்டும். ரிவர்ப் (அறையின் முழக்கம்) அதைவிடக் குறைவு. ரிவர்ப் அகலத்தைத் தரும். கூடினால் நோட்டைத் தூரத்துக்குத் தள்ளிவிடும், தூரத்தில் இருப்பது பெரிதாகக் கேட்காது.

12. பதிவில் கனம் சேர்ப்பது

இசைத்தட்டில் கேட்கிற பெரிய ரிதம் கிட்டார்கள் பல, ஒரே கிட்டார் இல்லை. அதே பகுதியை இரண்டு முறை தனித்தனியாக வாசித்து, ஒன்றை முழு இடது, மற்றதை முழு வலது வைக்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள சிறு நேர வேறுபாடும் அடி வேறுபாடும்தான் அகலம். ஒரே டேக்கைப் பிரதியெடுத்து இருபக்கமும் வைத்தால் சத்தம் கூடுமே தவிர அகலம் வராது. பிரதியைச் சில மில்லிசெகண்ட் நகர்த்தினால் ஹெட்போனில் நன்றாகத் தோன்றும். போன் ஸ்பீக்கரில் இரண்டும் கலந்து சில ஒலிகளை ரத்து செய்து குழாய்க்குள் வாசித்தது போல ஆகிவிடும்.

இரண்டு டேக் சேரும்போது கெயினும் சேரும். ஆகவே ஒவ்வொன்றிலும் தனியாக வாசிப்பதைவிடக் குறைந்த கெயின். முடிந்தால் இரண்டாவது டேக்குக்கு வேறு பிக்கப். இன்டர்ஃபேஸில் உச்ச அடி மைனஸ் 12 டெசிபல் பக்கம் நிற்கட்டும். மிக்ஸில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஹை-பாஸ் ஃபில்டரால் வெட்டுங்கள். பேஸ் கிட்டார் நன்றாகப் பதிவாகியிருந்தால் 100 வரை போகலாம். கிட்டாரைத் தனியாகக் கேட்டால் மெலிந்தது போல இருக்கும், பாட்டுக்குள் பேஸ் கிட்டார் அதன் அடிப்பாகமாக மாறிக்கொள்ளும். பேஸ் வாசிப்பவரும் நீங்களும் ஒரே நேரத்தில் அடிக்கிறீர்களா என்பது இந்த இடத்தில் எந்த ஃபில்டரைவிடவும் அதிகம் கேட்கும்.

13. அமைப்பைக் காப்பாற்றுவது

டோன் பிடித்ததும் ஆம்ப், பெடல் நாபுகளைப் போனில் படமெடுத்து வையுங்கள். பிக்கப் உயரங்களை மில்லிமீட்டரில் எழுதி கிட்டார் பையில் போட்டுவையுங்கள்.

பின்னால் ஏதாவது மாறினால் எங்கிருந்து மறுபடி தொடங்குவது என்பது மாற்றத்தைப் பொறுத்தது. அதே அளவு கம்பி மாற்றினால் ட்யூனிங்கும் இன்டொனேஷனும் மட்டும் பார்த்தால் போதும். கம்பியின் அளவு மாறினால் 4ஆவது படியிலிருந்து எல்லாம். மழைக்காலத்திலும் கோடையிலும் மரம் ஈரத்துக்கேற்ப அசைவதால் நெக்கின் வளைவை ஒருமுறை அளந்துவிடுங்கள். புது அறைக்கோ மேடைக்கோ போனால் 10ஆவது படியை முதலில் செய்துவிட்டு, மீதம் இருக்கும் குறைக்கு மட்டும் 9ஆவது படிக்குத் திரும்பி ஆம்ப் நாபைத் தொடுங்கள்.